ரைசர் களைப்பு அறிக்கைகளில் கையெழுத்திடும் பொறியாளர்களுக்கு

வணக்கம்.

எஃகுக் கேட்டனரி ரைசர் என்பது மிதக்கும் மேடையிலிருந்து கடல்தரைக்குச் சங்கிலிபோல் வளைந்து தொங்கும் எஃகுக் குழாய். அது கடல்தரையைத் தொட்டும் விட்டும் அசையும் சில பத்து மீட்டர்தான் பெரும்பாலும் அதன் களைப்பு ஆயுளை, அதாவது திரும்பத் திரும்ப வளைந்து விரிசல் விடும்வரையிலான காலத்தை, தீர்மானிக்கிறது. 1994இல் மெக்சிகோ வளைகுடாவின் ஆகர் எண்ணெய் மேடையில் இவ்வகை ரைசர் தொங்கவிடப்பட்டதிலிருந்தே இது தெரிந்த செய்தி. ஆனாலும் உங்கள் மேசைக்கு வரும் அறிக்கைகளில் அந்தத் தரைக்குக் கிடைப்பது ஒரே வரி: "தரை விறைப்பு 100". குழாய் அழுத்தும்போது தரை எவ்வளவு எதிர்க்கிறது என்பதே இந்த விறைப்பு.

முதலில் அலகைக் கேளுங்கள். ரைசர் கணிப்பு மென்பொருளான ஆர்காஃப்ளெக்ஸில் நேரியல் தரைக்கு (எவ்வளவு அழுத்தினாலும் விறைப்பு மாறாத தரைக்கு) இடும் எண், தொடுபரப்பின் ஒரு சதுர மீட்டருக்கானது. மண் பொறியாளர் தருவது பெரும்பாலும் குழாயின் ஒரு மீட்டர் நீளத்துக்கானது. இரண்டுக்கும் நடுவே குழாயின் விட்டம் நிற்கிறது. 324 மி.மீ. குழாயில் இதைக் குழப்பினால் பிழை மூன்று மடங்கு.

அடுத்தது, விறைப்பு ஒரே எண் அல்ல. ராண்டால்ஃபும் குவிகினும் 2009இல் வெளியிட்ட நேரிலா மாதிரியில், அதாவது அசைவுக்கேற்ப தரையின் விறைப்பு மாறும் கணக்கீட்டு மாதிரியில், மீப்பெரு விறைப்புக் கெழுவாக 200 எடுங்கள். வெட்டுவலிமை சுமார் 2 கிலோபாஸ்கல் உள்ள மென்களியில், அதே குழாய் விட்டத்தில் 0.3 பங்கு புதைந்திருக்கும்போது, மேலெழத் தொடங்கும் கணத்து விறைப்பு, குழாயின் மீட்டர் நீளக் கணக்கில், ஏறக்குறைய 1,800 கிலோபாஸ்கல். மேற்சொன்ன 100ஐ விட்டத்தால் பெருக்கினால் அதே அலகில் கிடைப்பதோ 32தான். ஆனால் குழாய் வெறும் 3 மி.மீ. எழுந்தாலே அந்த 1,800 பாதிக்கும் கீழே சரிகிறது. அன்றாட அலைக்கும் புயலுக்கும் ஒரே விறைப்புள்ள ஸ்பிரிங் போட்டவர், இரண்டில் ஒன்றைத் தவறாகக் கணித்திருக்கிறார். இது சின்ன விஷயமல்ல: தகைவு 10 சதவீதம் கூடினால், சரிவு 3 உள்ள எஸ்-என் வளைகோட்டில் (ஒரு தகைவை எத்தனை சுழற்சி தாங்கும் என்று காட்டும் கோட்டில்) சேதம் 33 சதவீதம் கூடும்.

கணினி மாதிரியில் குழாயைப் பிரித்திருக்கும் துண்டுகளான கூறுகளின் நீளத்தையும் பாருங்கள். வளைவு விறைப்பை இழுவிசையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், குழாய் தரையைத் தொடும் தொடுமுனையருகே வளைவு மாறும் நீளம் கிடைக்கும். 25 மி.மீ. சுவருள்ள இதே குழாய்க்கு, 300 கிலோநியூட்டன் இழுவிசையில், அது சுமார் 13.5 மீட்டர். 5 மீட்டர் கூறுகள் அங்கே போதாது. 1 மீட்டரோ அதற்கும் குறைவோ வேண்டும். நீளவாக்கில் வரைந்த சேத வரைபடத்தில் ரம்பப்பல் தெரிந்து, பல்லின் இடைவெளி கூறின் நீளத்துக்குச் சமமாக இருந்தால், நீங்கள் பார்ப்பது கூறுகள் சேரும் கணுக்கள் தரையில் மோதுவதை, குழாயின் களைப்பை அல்ல.

நேரிலா மாதிரி போட்டாயிற்று என்பதோடும் ஒப்புக்கொள்ளாதீர்கள். எழும் குழாயைக் களி பிடித்திழுக்கும் உறிஞ்சல், குழாய் மறுபடி புதையும் மீள்புதைவு எல்லாம் அதில் உண்டு. களி கலங்கி மெலிவதும், ஆண்டுக்கணக்கில் மறுபடி இறுகுவதும் அதில் இல்லை. உண்மைக் கடல்தரையில் ரைசர் தன் விட்டத்தைப் போல் சில மடங்கு ஆழமான அகழியைத் தானே தோண்டிக்கொள்கிறது. அதைக் கையால் வரைந்து மாதிரியில் இடுவோர், குழாயின் இயல்பான வளைவோடு பொருந்தாத வடிவத்தை இட்டு, அகழி வாயில் இல்லாத உச்சத் தகைவை வரவழைத்துவிடுகிறார்கள். குழாய் நிலையான சமநிலையில் அகழியின் அடியோடு சீராகப் படிந்திருக்கிறதா என்று தொடுவிசை வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

வெட்டுவலிமையின் மேல், கீழ் எல்லைகள் இரண்டுக்கும், அகழியோடும் அகழியின்றியும், கூறு நீளத்தைப் பாதியாக்கியும் கணக்கிட்ட ஆயுள்கள் அறிக்கையில் இல்லையென்றால், தயவுசெய்து அதைத் திருப்பி அனுப்புங்கள்.