எந்த ஸ்க்ரூ, எந்த வண்டிக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் வந்த பெட்ரோல் சிக்கனக் குறிப்புகளில், 'கார்புரேட்டர் ஸ்க்ரூவைச் சற்று இறுக்கினால் மைலேஜ் கூடும்' என்று ஒரு வரி இருந்தது. மேட்டுப்பாளையத்தில் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த வரியைப் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கார்புரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம். முதலில், அதில் எந்த ஸ்க்ரூ? ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பது காற்றுக்கானது. அதை இறுக்கினால் பெட்ரோல் விகிதம்தான் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் நேர் எதிர். எதுவானாலும் அதன் வேலை ஐட்லிங்கிலும் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது), ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகும்போதும்தான். பாதி திருகினால் நீடில் என்ற ஊசியும், முழுதாக முறுக்கினால் மெயின் ஜெட் என்ற சிறு துளையுள்ள திருகும் பெட்ரோலை அளக்கின்றன. பைபாஸில் விரட்டுகிறவருக்கு அந்த ஸ்க்ரூவால் என்ன லாபம்? அதில் பெட்ரோலைக் குறைத்து வைத்தால் காலையில் ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணும், ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்சர் படபடக்கும், அவ்வளவுதான்.

ஊட்டி விஷயம் வேறு. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளி செட்டிங்கில் போனால் பெட்ரோல் மிஞ்சும், வண்டி இழுக்காது, பிளக்கில் கரி பிடிக்கும். மலையில் குடியிருப்பவர் சின்ன மெயின் ஜெட் போட்டுக்கொள்வது நியாயம். இரண்டு நாள் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு அது வேண்டவே வேண்டாம். அதே ஜெட்டோடு கீழே இறங்கி, சித்திரை வெயிலில் முறுக்கினால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் கொதிக்கும். பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருக்கும். அப்புறமும் ஓட்டினால் பிஸ்டன் ஜாம்.

பால் கேன் கட்டி மேடேறும் வண்டிக்கு நான் நீடில் கிளிப்பை ஒரு காடி கீழே மாற்றி வைப்பேன். நீடில் சற்று மேலே ஏறி, பெட்ரோல் கூடுதலாகப் போகும். முழுதாக எரிய 1 கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று என்பது கணக்கு. பாரம் இழுக்க அதே 1 கிராம் பெட்ரோலுக்குக் காற்றை 13 கிராம் வரை குறைத்தால்தான் சரிப்படும். மைலேஜ் கொஞ்சம் அடிவாங்கும் என்று பால்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு, பெரும்பாலான புது வண்டிகளில் கார்புரேட்டரே கிடையாது. சென்சாரும் இன்ஜெக்டரும் பார்த்துக்கொள்கின்றன. ஆகவே அடுத்த முறை குறிப்பு போடும்போது எந்த வண்டிக்கு என்பதையும் போடுங்கள். மைலேஜ் குறைந்தால் முதலில் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் உரசல் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்க்ரூவை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

— இருசக்கர வாகன மெக்கானிக்,
மேட்டுப்பாளையம்