அந்தக் குரங்கின் பெயர் ஏபிள்: டிஸ்னி திரைப்படப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

‘நைட் அட் தி மியூசியம்’ படவரிசையின் பொறுப்பிலிருக்கும் டிஸ்னி நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

2019இல் ஃபாக்ஸ் நிறுவனத்தை நீங்கள் வாங்கியபோது, இரவானால் உயிர்பெற்று எழும் அந்த அருங்காட்சியகக் கூட்டமும் உங்கள் வீட்டுக்குக் குடிவந்தது. 2022இல் அதை வைத்து ஓர் அனிமேஷன் படமும் எடுத்தீர்கள். இன்னும் ஒரு பாகம் எடுக்கும் எண்ணம் இருக்குமானால், கதை விவாதத்துக்கு உட்காருவதற்கு முன் இந்த மடலைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் பேச வந்தது, நியூயார்க்கிலிருந்து பொம்மைகள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு பல அருங்காட்சியகங்களைக் கொண்ட வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்குப் போய்ச்சேரும் 2009ஆம் ஆண்டின் இரண்டாம் பாகத்தைப் பற்றி.

கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு அதை மூன்றாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் ஒரு குரங்கு காவலாளி லாரியைப் பளார் பளார் என்று அறையும் இடத்தில் என் ஒன்பது வயது மகள் சோபாவிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்தபின், “அம்மா, இந்தக் குரங்கு நெஜமாவே ராக்கெட்ல போச்சா?” என்றாள். படத்தை நிறுத்திவிட்டுத் தேடினோம். ஏபிள் என்ற அந்தப் பெண் குரங்கு 1959 மே 28 அன்று, பேக்கர் என்ற இன்னொரு சிறிய குரங்கோடு, ஜூப்பிட்டர் ஏவுகணையின் முனையில் வைத்து அனுப்பப்பட்டது. இரண்டுமே உயிரோடு திரும்பின. உடலில் பொருத்தியிருந்த மின்முனை ஒன்றை அகற்றும் அறுவை சிகிச்சையின்போது, மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல், நான்கே நாட்களில் ஏபிள் இறந்தது. பாடம் செய்யப்பட்ட அதன் உடல்தான் பயணத்தில் கட்டிவைத்திருந்த படுக்கையோடு ஸ்மித்சோனியனில் இருக்கிறது. பேக்கர் 1984 வரை வாழ்ந்தது. ஹன்ட்ஸ்வில்லில் உள்ள அதன் கல்லறையில் பார்வையாளர்கள் இன்றும் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகள் சொன்னாள்: “அப்போ அது யாரை அறைஞ்சாலும் தப்பில்லம்மா.”

என் குறை இதுதான். உங்கள் படத்தில் காட்சிப்பொருட்களுக்குக் கை வருகிறது, கால் வருகிறது, வாய் வருகிறது. ஆனால் தங்களுக்கு நேர்ந்தது மட்டும் அவற்றுக்கு நினைவு வருவதில்லை. நெப்போலியன் வந்தால் உயரத்தைப் பற்றிய கேலி, அமெரிக்க தாதா அல் கப்போன் வந்தால் துப்பாக்கி. அந்த உருவத்தைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டினாலும் காட்சி அப்படியே ஓடும். நாக்குக் குழறலோடு உலகை ஆளப் புறப்படும் எகிப்திய இளவரசன் காமுன்ராவாக ஹாங்க் அசாரியா நன்றாகவே சிரிக்கவைக்கிறார் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஸ்மித்சோனியனுக்குள்ளேயே இதைவிட நல்ல சண்டை ஒன்று பல ஆண்டுகளாகக் கிடந்திருக்கிறது.

லாரியும் விமானி அமேலியா இயர்ஹார்ட்டும் ரைட் சகோதரர்களின் விமானத்தில் ஏறித் தப்பிக்கும் காட்சியை நினைத்துப்பாருங்கள். 1903 டிசம்பர் 17 அன்று அந்த விமானம் நான்கு முறை பறந்தது. முதல் முறை 12 விநாடி, கடைசி முறை 59 விநாடி. அதன்பின் ஒரு காற்று அதைப் புரட்டிப்போட்டது. மறுபடி அது பறக்கவே இல்லை. அதற்கு ஒன்பது நாள் முன்புதான், ஸ்மித்சோனியனின் தலைமைப் பொறுப்பிலிருந்த சாமுவேல் லாங்லியின் விமானம் இரண்டாம் தடவையாக பொட்டோமாக் ஆற்றில் விழுந்திருந்தது. அந்த விமானத்தை 1914இல் பல மாற்றங்கள் செய்து தத்தித் தத்திப் பறக்கவைத்துவிட்டு, மனிதனைச் சுமந்து பறக்கும் திறன் பெற்ற முதல் விமானம் இதுவே என்று எழுதிக் காட்சிக்கு வைத்தது ஸ்மித்சோனியன். கோபமுற்ற ஆர்வில் ரைட், தம் விமானத்தை 1928இல் கடல் கடந்து லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டார். 1942இல் ஸ்மித்சோனியன் தன் கூற்றைத் திரும்பப் பெற்ற பிறகு, ஆர்வில் இறந்த 1948ஆம் ஆண்டின் டிசம்பர் 17 அன்றுதான் அது வாஷிங்டனில் காட்சிக்கு வந்தது. ஆற்றில் விழுந்ததும் கோபித்துக்கொண்டு போனதும் இன்று ஒரே அருங்காட்சியகத்தின் சொத்துக்கள். இவை இரண்டும் இரவில் கண்விழித்தால் பங்காளிச் சண்டைக்குக் கேட்கவா வேண்டும்? நகைச்சுவை எழுத்தாளருக்கு இதைவிட என்ன கிடைக்க வேண்டும் என்பது எனக்குப் புரியவில்லை.

ஸ்மித்சோனியனின் கிடங்கு வாஷிங்டன் நகர நடுவிலுள்ள புல்வெளித் திடலுக்கு அடியில் இருப்பதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் பெரிய கிடங்கு மேரிலாந்தில், சூட்லண்டில் இருக்கிறது. இதையெல்லாம் குற்றமாக நான் சொல்லவில்லை. சிரிப்புப் படத்துக்குக் கட்டட வரைபடம் எதற்கு? படம் நிமிர்ந்து நிற்கும் இடமும் ஒன்று உண்டு. விடிந்தால் தனக்கு என்ன ஆகும் என்று தெரிந்தே அமேலியா விமானம் ஏறும் காட்சியில் ஏமி ஆடம்ஸின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு, 1932இல் தன்னந்தனியாக அட்லாண்டிக்கைக் கடந்து 1937இல் காணாமற்போன ஒரு பெண்ணின் வாழ்வு அங்கே ஒரு கணம் வந்து நின்றது தெரியும். மற்ற பாத்திரங்களுக்கு அந்த ஒரு கணம்கூட வாய்க்கவில்லை.

2014இல் வந்த மூன்றாம் பாகத்தில் இந்த மறதி இன்னும் பெரிதாகியது. எகிப்திய அரச குடும்பம் பிரிந்து கூடுகிறது. கூடும் இடம் எகிப்து அல்ல, பிரிட்டிஷ் அருங்காட்சியகம். எங்கள் ஊர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று அந்தப் படத்தில் ஒருவரும் வாய்திறக்கவில்லை. எனக்கு நடராஜர் சிலை ஒன்று நினைவுக்கு வந்தது. தஞ்சைப் பகுதியில் பத்தூரில் 1976இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்து, கள்ளத்தனமாக லண்டனுக்குப் போன சிலை அது. கனடா நிறுவனம் ஒன்று அதை வாங்கி, பராமரிப்புக்காக அதே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திடம் கொடுத்திருந்தபோது லண்டன் போலீஸ் கைப்பற்றியது. வழக்கில், இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலே ஒரு தரப்பாக நின்று சிலை தனதென்று கோரியது. லண்டன் நீதிமன்றம் கோயிலுக்கு அந்த உரிமை உண்டு என்று ஏற்றுக்கொண்டது. மேல்முறையீடும் தள்ளுபடியான 1991இல் நடராஜர் ஊர் திரும்பினார். கல்லும் செம்பும் பேசும் என்று நீங்கள் கற்பனை செய்வதற்கு வெகுநாள் முன்பே, கல் கட்டடம் ஒன்று நீதிபதி முன்னால் நின்று வழக்காடி ஜெயித்திருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. அடுத்த பாகத்தில் புதிய வில்லனை எங்கிருந்தும் வரவழைக்க வேண்டாம். உயிர்பெறும் ஒவ்வொரு பொருளும் எப்படி அங்கே வந்தது என்பதை அந்தந்த அருங்காட்சியகத்தின் ஆவணக்காப்பாளரிடம் கேட்டு எழுதுங்கள். சிரிப்பு குறையாது என்பதற்கு என் மகளின் பதில் ஒன்றே போதும். படம் முடிந்து ஓடும் பெயர்ப்பட்டியலில், அந்தக் குரங்கை நடித்துக்காட்டிய குரங்கின் பெயருக்குப் பக்கத்தில் ஏபிளின் பெயரையும் போடச் சொல்லுமாறு அவள் கேட்டாள். மறக்காமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் படங்களைப் பிள்ளைகளோடு பார்த்துவரும் ஒரு தாய்