களை என்று வெட்டுவதற்கு முன்

ஐயா,

கல்லூரி வளாகங்களில் நாலு தொட்டி வைத்து 'மூலிகைத் தோட்டம்' என்று பலகை மாட்டுகிறார்கள். சரி, நல்லதுதான். ஆனால் சுவரோரம் தானாக முளைக்கும் கீழாநெல்லி, குப்பைமேனி, மூக்கிரட்டை, தும்பை எல்லாம் விழா நெருங்கினால் களையாகி மண்வெட்டிக்குப் போய்விடுகின்றன. அழகுக்கு வளர்க்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன என்பது அதைக் கடந்து போகும் எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்? கீழாநெல்லியைப் போலவே தோன்றும் வேறு இனங்களும் உண்டு. செடியைக் கையில் எடுத்துப் பார்க்காமல், படத்தை வைத்து மட்டும் அவற்றைப் பிரித்தறிவது கடினம். புல் வெட்டுவதற்கு முன் தாவரவியல் துறையிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். மழைக்குப் பின் மாணவர்களைக் கொண்டே கணக்கெடுத்து, உலர்தாவர மாதிரிகளையும் சேர்த்து வைக்கலாம். பெரிய செலவில்லை. பறித்துத் தின்று பார்ப்பதை மட்டும் அனுமதிக்க வேண்டாம்.

- ஒரு வாசகர்