பெரியவனுக்கு, பெங்களூரு அல்சூரிலிருந்து

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் ஐந்து நிமிஷத்தில் "சரிம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, அதனால் எழுதுகிறேன். கூரியரில் வடாமும் சாம்பார் பொடியும் வருகிறது, இது அதற்குள் இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

இந்தக் கோடைக்கு மனோகரா நாடகம் என்று உங்கப்பா முடிவு செய்துவிட்டார். எல்லோரும் கேட்டது வள்ளி திருமணம்தான். ஆனால் பாடத் தெரிந்த ராஜபார்ட்டுக்கு எங்கே போவது? ஹார்மோனிய மாமா வேறு ஓசூருக்குக் குடிபோய்விட்டார். வள்ளியும் வேலனும் தர்க்கம் பண்ணுகிற இடத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டை ரெக்கார்டில் ஓடவிட்டு வாயசைக்கலாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதற்கு நாடகமே போட வேண்டாம் என்று அப்பா மொட்டை மாடி அதிரக் கத்தினார். அதுவும் நியாயம்தான். மனோகரா என்றால் வசனத்தை நம்பி இறங்கலாம்.

முதல் நாள் ஒத்திகையில் வழக்கமான பிரசங்கம். 1891இல் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லு தன் குழுவோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டது, கௌரவமான மனுஷர்களும் வேஷம் கட்டலாம் என்று அதைப் பார்த்துத் தோன்றிப் பம்மல் சம்பந்த முதலியார் அதே வருஷம் சுகுண விலாச சபையை ஆரம்பித்தது, 1895இல் மனோகரா வந்தது, வக்கீலாக இருந்துகொண்டே நடித்தவர் பிறகு ஜட்ஜானது, எல்லாம் நீ தூக்கத்தில்கூடச் சொல்வாய். கடைசியில் "பெல்லாரி நம்ம கர்நாடகத்துல இருக்கு, அப்போ விதை யார் போட்டது?" என்று நிறுத்தினார். புதுப் பசங்கள் கைதட்டிவிட்டார்கள். அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

பாதிப் பசங்களுக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வராது. பாடத்தைக் கன்னட எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறார்கள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. எனக்கென்னவோ, மேடையில் வாயைத் திறந்தால் தமிழ் வருகிறதா, அது போதும்.

உனக்கு ஒரு சேதி. இந்த வருஷம் மனோகரனின் அம்மா பத்மாவதி நான்தான். மர்பி டவுன் அக்கா, தன் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை. "பாடம் முழுக்க உனக்குத்தான் தெரியுமே" என்று தலையில் கட்டிவிட்டார்கள். சைட் விங்கில் நோட்டை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அடியெடுத்துக் கொடுத்தே பழகியவள் நான். இப்போது எனக்கு எடுத்துக் கொடுக்க உன் சித்தப்பா உட்கார்ந்திருக்கிறார். புதுக் கண்ணாடி சரியில்லை, பக்கத்தைத் தேடுவதற்குள் காட்சியே முடிந்துவிடுகிறது.

பின்னால் இருந்து படித்துக்கொண்டிருந்தவரை பத்மாவதி மேல் எனக்குக் கோபம்தான் வரும். புருஷன் ராஜா, அவன் ஆசைநாயகி வசந்தசேனை பேச்சைக் கேட்டு ஆடுகிறான். தட்டிக் கேட்கக் கூடிய பிள்ளையிடம் இவளே சத்தியம் வாங்கி அவன் கையைக் கட்டிப் போடுகிறாளே என்று. இப்போது நின்று பேசிப் பார்த்தால், பாவம், அவளும் வேறென்ன செய்வாள் என்று இருக்கிறது.

எல்லோரும் "கண்ணாம்பா மாதிரி பேசுங்க" என்கிறார்கள். 1954இல் வந்த படத்தை இன்னும் யாரும் மறக்கவில்லை. போன தடவை மனோகரா போட்டபோது முன்வரிசைத் தாத்தா ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து, அந்தப் பெரிய வசனத்தை ஏன் வெட்டினீர்கள் என்று சண்டை போட்டாரே, நினைவிருக்கிறதா? அது கலைஞர் படத்துக்கு எழுதினது, பம்மல் புத்தகத்தில் இல்லை என்று அப்பா புத்தகத்தையே விரித்துக் காட்டியும், டிக்கெட்டில் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்.

மனோகரன் அறுத்தெறிகிற சங்கிலி இந்த முறை நன்றாக அமைந்துவிட்டது. நிஜ இரும்பு என்றால் பையனால் கையைத் தூக்கவே முடியாது. ஹார்டுவேர் கடையில் பிளாஸ்டிக் சங்கிலி வாங்கி, கறுப்பு அடித்து, மேலே கொஞ்சம் வெள்ளிப் பெயின்ட் தடவினோம். நடுவில் ஒரு வளையத்தை அறுத்துக் கறுப்பு நூலால் கட்டியிருக்கிறது, இழுத்தால் அறுந்துவிடும். சத்தத்துக்கு மாவு மில் கதவுச் சங்கிலியைச் சித்தப்பா உள்ளே இருந்து குலுக்குவார். ஒத்திகையில் பையன் அறுத்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே சங்கிலி சத்தம் கேட்கிறது. அதைத்தான் சரி பண்ண வேண்டும்.

வசந்தனாக வருகிற பையன் பரவாயில்லை. ஆனால் ஆறாவது படிக்கும்போது நீ அந்தப் பைத்தியக்கார ராஜகுமாரனாக நடந்து வந்ததும் ஹாலே சிரித்ததே, அந்தச் சிரிப்பு இவனுக்கு வராது. வேண்டுமென்றே சிரிக்க வைக்கப் பார்க்கிறான். நீ பார்க்கவில்லை, சும்மா நின்றாய். உங்கப்பா இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் பசங்களைத் திட்டுகிறார். அத்தனை கெட்டிக்காரப் பிள்ளை, கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு கோடைக்காவது வந்து எட்டிப் பார்த்தாயா? ஹைதராபாத் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது? சாயங்காலம் காச்சிகுடா வண்டி ஏறினால் காலையில் இங்கே.

ஹால் வாடகைக்கு நீ அனுப்பிய பணம் வந்துவிட்டது. அப்பாதான் பாஸ்புக் போட்டுவந்தார். இரண்டு தடவையாக, பாதி பாதியாக வந்திருக்கிறது என்றார். "ஏதோ ஆன்லைன் லிமிட்டாக இருக்கும்" என்றேன். அவரும் சரி என்றுவிட்டார். இந்த வருஷம் நீ அனுப்பாவிட்டாலும் ஒன்றும் குறைந்திருக்காது. டிக்கெட் விற்கிறது, மாடி வீட்டு மாமி நாடக மலருக்கு விளம்பரம் பிடித்துத் தருகிறார்.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, ஆபீஸில் மீட்டிங் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பின்னால் குக்கர் விசில் மூன்று கேட்டது. இப்போது வீட்டிலிருந்தே வேலை என்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். அவளிடம் கேட்டால் "அவர்கிட்டயே கேளுங்க அத்தை" என்கிறாள். உன் குரலும் ஒரு மாதிரி இருந்தது. தூங்குகிறாயா இல்லையா? சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. காலையில் வெறும் காபியோடு உட்காராதே, இட்லி இரண்டாவது சாப்பிடு.

அப்பா தினமும் பேப்பரில் வருகிற ஆட்குறைப்புச் செய்திகளைக் காபி குடித்துக்கொண்டே உரக்கப் படிக்கிறார். இத்தனை ஆயிரம் பேர், அத்தனை ஆயிரம் பேர் என்று. படித்துவிட்டு, "நம்ம பையன் வேலைக்காரன், அவனை யார் தொடுவா" என்று பேப்பரை மடித்து வைக்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. அவர் ஃபேக்டரியில் லாக்-அவுட் ஆனபோது மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் இந்த வீடு ஓடியது. அப்போது நீ கைக்குழந்தை. அந்த வருஷமும் நாடகம் போட்டார், பாத்திரம் அடகில் இருந்தது. யாரும் செத்துப் போகவில்லை.

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த அன்றைக்கு லிஃப்ட் பக்கத்தில் உன்னைப் பிடித்து நிறுத்தி, இனிமேல் அவர் காதுக்கு எந்தக் கஷ்டமும் போகக் கூடாது, சத்தியம் பண்ணு என்று கேட்டேன். நீயும் கையில் அடித்துக் கொடுத்தாய். இன்றுவரை காப்பாற்றுகிறாய், தெரிகிறது. ஆனால் அது அவருக்கு. எனக்கு யாரும் ஸ்டென்ட் வைக்கவில்லை.

நாடகம் மே மாதம் மூன்றாவது சனி, ஞாயிறு. மாலை ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் ஹாலைக் காலி பண்ண வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் அட்வான்ஸில் பிடிப்பார்கள். அதனால் புத்தகத்தில் பாதிக்கு மேல் வெட்டியாகிவிட்டது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அப்பா ஒரு நாள் பேசாமல் இருந்தார். அந்த நேரத்துக்குத்தான் மழையும் வருகிறது. ஷீட் கூரை மேல் கொட்ட ஆரம்பித்தால் கடைசி வரிசைக்கு ஒரு வார்த்தை கேட்காது. நான் கத்திப் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன், தொண்டைக்கு மிளகு கஷாயம்.

வந்தால் இரண்டு பேரும் வாருங்கள். தனியாக வந்தாலும் சரி, எத்தனை நாள் இருந்தாலும் சரி, நான் ஏன் என்று கேட்க மாட்டேன். டிக்கெட் இங்கிருந்தே எடுக்கச் சொல்கிறேன், பின்வீட்டுப் பையன் போனிலேயே போட்டுத் தருவான். சாம்பார் பொடியில் இந்த முறை காரம் கொஞ்சம் தூக்கல், பார்த்துப் போடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா காலை ஆறரைக்கு ஏரிக்கரைக்கு நடக்கப் போனால் ஏழே முக்காலுக்கு முன்னால் வர மாட்டார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போகிறார். அந்த நேரத்தில் கூப்பிடு.

அம்மா