கொட்டாவியா, மூச்சுத் திணறலா?

ஆசிரியருக்கு,

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வீடுகளில் வளரும் பால் பைத்தான்களுக்கு (விஷமில்லாத ஆப்பிரிக்கச் சிறு மலைப்பாம்பு) சளிக் காலம். பாம்பு வாயைப் பிளந்ததும் "கொட்டாவி விடுகிறது" என்று படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு அதோடு மறந்துவிடுகிறார்கள்.

இரை விழுங்கியபின் ஒன்றிரண்டு முறை வாயை அகலத் திறந்து மூடுவது இயல்புதான். கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்புறம் இழுபடும் நாரால்தான் சேர்ந்திருக்கின்றன. விழுங்கும்போது விலகிய தாடையைப் பாம்பு அப்படித்தான் சரிசெய்துகொள்ளும்.

இரை எடுக்காத நாளில் திரும்பத் திரும்ப வாய் திறந்தால்தான் கவனம் வேண்டும்; அது சளி நோயாக இருக்கலாம். தலையை மேலே தூக்கியபடியே மூச்சு விடும். 'டிக் டிக்' என்றோ விசில் போலவோ ஓசை கேட்கும். மூக்கில் குமிழி, வாயோரத்தில் நூலாக இழுபடும் கோழை. பாம்புக்கு உதரவிதானம் கிடையாது, நம்மைப் போல இருமித் துப்ப முடியாது. கோழை நுரையீரலிலேயே தேங்கும். அதனால் குமிழி கண்ணில் படும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். தோல் உரிக்கும் நாட்களில் மட்டும் வரும் மெல்லிய சீறல் மூக்குத் துளையில் ஒட்டிய பழைய தோலாலும் இருக்கலாம். உரித்தபின் நின்றால் பயமில்லை.

முக்கியக் காரணம் சூடு குறைவது. கூண்டின் ஒரு பக்கம் 31–33 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25–27, ஈரப்பதம் 55–65 சதவீதம் இருக்க வேண்டும். மழை இரவில் மின்சாரம் போய் சூட்டுப் பாய் அணைந்தால் பாம்பின் எதிர்ப்பு சக்தியும் இறங்கும். குளிருமே என்று கூண்டைப் போர்வையால் மூடுவது அதைவிட மோசம்: காற்றோட்டம் நின்று, அடியில் பரப்பிய தென்னை நார்த்தூள் நனைந்து கிருமி பெருகும். நார்த்தூளை அள்ளிவிட்டுச் செய்தித்தாளை விரியுங்கள் (தங்கள் நாளிதழும் உதவும்). வெதுவெதுப்பான நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். குண்டு பல்பை உள்ளே தொங்கவிட்டால் உடம்பு வெந்துவிடும்.

கத்திரி வெயிலில் கூண்டு 35 டிகிரியைத் தாண்டினாலும் பாம்பு வாயைத் திறக்கும். அதற்கு வேண்டியது மருந்தல்ல, நிழல்.

உதடு ஒட்டாமல் நின்றால் வாய்ப்புண்ணைச் சந்தேகிக்கலாம். கரண்டியால் நெம்ப வேண்டாம். தாடைக்கு அடியிலுள்ள தோலை மெல்லக் கீழே இழுத்தாலே வாய் சற்றுத் திறக்கும். வெளிர் ரோஜா நிறம் நலம். சிவப்புப் புள்ளி, தயிர்க்கட்டி போன்ற சீழ் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கம்பி வலையில் மூக்கைத் தேய்ப்பதும் உயிருள்ள எலியின் கடியும் இதன் தொடக்கம்.

பால் ஊற்ற வேண்டாம். பெயரிலுள்ள 'பால்' ஆங்கிலத்தில் பந்து, பசு கறப்பதல்ல. வீட்டில் மிஞ்சிய மாத்திரையும் கூடாது. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வைத்தால் மருத்துவருக்கு உதவும்.

வயலில் பிடித்த சாரையையோ மலைப்பாம்பையோ வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பால் பைத்தானை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பதியாத பயத்தில் நோயுற்ற பாம்பை வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி, ஐப்பசிக்கு முன்பாக டெல்டா மாவட்டக் கால்நடை மருத்துவர்களுக்கு ஊர்வன சிகிச்சையில் ஒருநாள் பயிற்சி நடத்தினால், இவர்கள் போக ஓர் இடம் இருக்கும்.

– ஊர்வன ஆர்வலர்கள் சிலர், கும்பகோணம்