மணலுக்கடியில் புதைத்ததன் வரைபடம் எங்கே?

பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்துக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மையீர்,

வணக்கம். அல்ஜீரியாவில் நீங்கள் நடத்திய அணுகுண்டுச் சோதனைகளின் விவகாரத்தில் புதுச்சேரிக்காரருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 1954 நவம்பர் 1 அன்று எங்கள் ஊர் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தீர்கள். அன்றைக்குத்தான் அல்ஜீரியாவில் விடுதலைப் போரும் வெடித்தது. 1956-இல் கையெழுத்தான எங்கள் ஒப்படைப்பு ஒப்பந்தத்துக்கு, அந்தப் போர் ஓய்ந்த 1962-இல்தான் உங்கள் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. எங்கள் ஊர்ச் சொல்தாக்களில் (பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்களில்) சிலர் அங்கே உங்கள் சீருடையில் இருந்தவர்கள். முழு வெளியாள் என்று என்னை ஒதுக்கிவிட முடியாது.

1960 முதல் 1966 வரை அல்ஜீரிய சகாராவில் 17 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தினீர்கள். அப்புறம் வண்டிகள் உள்ளிட்ட கதிரியக்கக் கழிவுகளை எங்கெங்கே புதைத்தீர்கள்? அந்த வரைபடங்களை அல்ஜீரியாவிடம் கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

1960 பிப்ரவரி 13 அன்று சகாராவின் ரெக்கான் பகுதியில் வெடித்த முதல் குண்டு ஹிரோஷிமாவில் போட்டதைவிட நான்கு மடங்குக்கும் மேல் பெரியது. 'ஆளில்லாப் பாலைவனம்' என்றீர்கள். பேரீச்சந்தோப்புகளும் ஊர்களும் உள்ள பகுதி அது. ரெக்கானில் நான்கு குண்டுகள் திறந்தவெளியில் வெடித்தன. மற்ற பதின்மூன்றும் தெற்கே, துவாரெக் மக்கள் வாழும் ஹொகார் மலைப்பகுதியில், இன் எக்கருக்குப் பக்கத்து மலைக்குள் வெடித்தன. 1962 மே 1-இல் நடந்த சோதனையில் அந்த மலையின் சுரங்க அடைப்பு பிய்த்துக்கொண்டது. கதிரியக்க மேகமும் உருகிய பாறையும் வெளியே வந்தன. பார்க்க வந்திருந்த உங்கள் அமைச்சர்கள் மெஸ்மரும் பலெவ்ஸ்கியும் ஓட வேண்டியதாயிற்று. அவர்கள் ஓடிப்போக ஓர் இடம் இருந்தது.

17-இல் 11 சோதனைகள் விடுதலைக்குப் பின் நடந்தவை. போரை முடித்த 1962-ஆம் ஆண்டின் எவியான் உடன்பாடு அதற்கு ஐந்தாண்டு அனுமதி தந்தது. அல்ஜீரியத் தரப்பும் கையெழுத்திட்டதுதான், மறுக்கவில்லை. ஆனால் புதைத்த இடத்தைச் சொல்லாமல் போகலாம் என்று யார் அனுமதி கொடுத்தார்கள்?

நீங்கள் கிளம்பிய பிறகு, அங்கே நீங்கள் விட்டுப்போன செம்புக் கம்பியையும் தகரத்தையும் ஊர்க்காரர்கள் பொறுக்கிக்கொண்டு போனார்கள். கூரை போட்டார்கள், விற்றார்கள். யாரும் எச்சரிக்கவில்லை. சர்வதேச அணுசக்தி முகமையின் வல்லுநர்கள் 1999-இல் போய்ப் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் கதிர்வீச்சு தணிந்துவிட்டது என்றார்கள். சரி, நல்ல செய்திதான். ஆனால் இன் எக்கர் மலையிலிருந்து வழிந்து உறைந்த பாறை உள்ளிட்ட சில இடங்கள் அப்படி இல்லை என்றும் அவர்களே சொன்னார்கள். தவிர, கண்ணில் படும் பாறையை அளக்கலாம். புதைத்த வண்டியை எங்கே தேடுவது?

2008 ஜூலையில் நீங்கள் கொண்டுவந்த ஆவணச் சட்டம், அணு ஆயுதத்தைச் செய்யவோ இருக்குமிடம் அறியவோ உதவும் தாள்களை என்றைக்கும் திறக்கக்கூடாது என்கிறது. குண்டு செய்யும் சூத்திரத்தை யாரும் கேட்கவில்லை. குப்பைக்குழி எங்கே என்றுதான் கேட்கிறோம். பசிபிக் தீவுகளான பாலினேசியாவில் நீங்கள் நடத்திய அணுச் சோதனைகளின் ஆவணங்களைத் திறக்க 2021-இல் வழி செய்தீர்களே, சகாராவுக்கு மட்டும் ஏன் பூட்டு?

2007-இல் ஒரு நல்ல காரியமும் செய்தீர்கள். அல்ஜீரிய எல்லைகளில் போர்க்காலத்தில் புதைத்த கண்ணிவெடிகளின் வரைபடங்களை, 45 ஆண்டு கழித்தாவது, உங்கள் தலைமைத் தளபதி அல்ஜீரிய அரசிடம் கொடுத்தார். கண்ணிவெடிக்குக் கொடுத்ததைக் கதிரியக்கக் கழிவுக்கும் கொடுக்கலாம்.

அணுச் சோதனைகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கான 2010-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. அதில் பணம் பெற்ற அல்ஜீரியர்கள் மிகச் சொற்பம்.

பழைய தாள்களைப் பேணுவது உங்களுக்குத் தெரியாத வேலையில்லை. எங்கள் சைவ ஓலைச்சுவடிகளை இங்குள்ள பிரெஞ்சு நிறுவனம் எவ்வளவு அக்கறையாகக் காக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் ராணுவமே வரைந்த தாள்கள் தொலைந்துவிட்டன என்றால் நாங்கள் நம்பமாட்டோம்.

பழைய சோதனை இடங்களைச் சீரமைக்க அல்ஜீரியா 2021-இல் தனி முகமையே அமைத்துவிட்டது. முதல் நகலை அதற்கு அனுப்புங்கள். சோதனைகள் நடந்த அத்ரார், தமன்ராசெத் மாகாண நிர்வாகங்களுக்கும் ஒவ்வொன்று, அரபியில் குறிப்புகளோடு.

இப்படிக்கு,
புதுச்சேரிவாசி ஒருவர்