பின்னல் கோலாட்டம்: சில குறிப்புகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலூர், குடியாத்தம் பக்கம் பெண்களுக்குக் கும்மி, கோலாட்டப் பயிற்சி தொடங்குவோர் கவனத்துக்கு. சிமென்ட் தரையில் வெறுங்காலோடு குதித்தால் முழங்கால் வலிக்கும், பெரியவர்கள் வராமல் நின்றுவிடுவார்கள். மண் தரையே நல்லது. கோடையில் மாலை 6 மணிக்கு மேல் போதும், நம் ஊர் வெயில் தெரிந்ததே.

மேலே கட்டிய கயிறுகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, அவற்றைப் பின்னியபடி ஆடும் பின்னல் கோலாட்டத்துக்கு 8 பேர், 12 பேர் என இரட்டைப்படையில் வேண்டும். பாதிப் பேர் வலமாக, மீதிப் பேர் இடமாக, எதிரே வருபவரை ஒருமுறை உள்ளே, மறுமுறை வெளியே கடக்க வேண்டும். ஒருவர் மாறிப் புகுந்தாலும் கயிறு சிக்கும். இழுத்தால் இறுகும்; எல்லோரும் வந்த வழியே திரும்பினால்தான் அவிழும். பேச்சே இல்லாத பக்கத்து வீட்டாரும் அப்போது பேசியாக வேண்டும்! ஊராட்சிகள் சமுதாயக் கூட வளாகத்தை மாலையில் திறந்துவிட வேண்டுகிறோம்.

- கோலாட்டப் பயிற்சியாளர்கள், வேலூர்